அம்மாவின் முதல் தோட்டமும் வலது காலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், சுகமாக இல்லாவிட்டாலும் இந்தக் கடிதம் முடியும்வரைக்குமாவது சுகமாக இரு, ஏனென்றால் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்காகக் கவலைப்பட என்னிடம் ஆள்பலம் இல்லை. இங்கே நான் நலம், அப்பா லாரியோடு எங்கோ ஒரு சாலையில் நலம், அம்மாவும் நலம் என்று எழுதினால் அம்மாவுக்குத் திருப்தியாக இருக்கும், அதனால் அதையும் எழுதிவிட்டேன். உண்மை இதுதான். அம்மாவின் வலது பாதத்தில் ஒரு புண் இருக்கிறது. வாரக்கணக்கில் ஆறவில்லை. டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறாள், உன்னிடமும் அப்பாவிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கமாக இந்த வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறவர் அப்பா. வேளைக்குச் சாப்பிடு, கெட்ட சகவாசம் வேண்டாம், மழையில் நனையாதே என்று எழுதுவார், சுரங்கத்துக்குள் மழை பெய்யாது அப்பா என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அந்த வரியை விடமாட்டார். அவர் இந்த நடை முடித்துத் திரும்ப நாளாகும் என்பதால் பெற்றோர் உத்தியோகத்தைத் தற்காலிகமாக நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன், சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, பத்தாம் வகுப்புப் பாடங்களையும் கூடவே படிக்க வேண்டும். இப்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், கணக்கு நோட்டு மடியில் இருக்கிறது, கேட்டால் அதைக் காட்டலாம் என்று. குளியலறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவளை யார் நம்புவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை, பயத்தில் அவ்வளவுதான் மூளை வேலை செய்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருப்பது ஒரு போன், அது அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ முகாம் ஆபீஸிலிருந்து கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாள். போன தடவை நான் அம்மாவுக்கு என்று ஆரம்பித்து ஆ என்று கத்தினேன், கொசு கடிச்சிருச்சு என்று அவள் உன்னிடம் சொன்னாள், அந்தக் கொசுவுக்கு ஐந்து விரல்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான். சும்மா உட்கார்ந்திருக்காம ரெண்டு செடி வைம்மா, பொழுது போகும் என்று அங்கிருந்தபடி ஆலோசனை சொன்ன மகான் நீ. பேருந்து நிலையத்தில் அம்மா உட்கார்ந்த டிக்கெட் கவுண்டரை எடுத்துவிட்டு இயந்திரம் வைத்த பிறகு அம்மா எப்படி இருந்தாள் என்று நீ பார்க்கவில்லை. பழைய வேலை நேரத்துக்கே எழுந்து, தலை வாரி, சேலை மாற்றி, பிறகு போக இடமில்லாமல் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் அவள் மண்வெட்டியைத் தூக்கியதும் எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். துவைக்கிற கல்லுக்கும் பின்சுவருக்கும் நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவு இடம் இருக்கிறதே, அப்பாவின் செத்துப்போன ஸ்கூட்டர் கிடந்த இடம், அதுதான் தோட்டம். தோண்டத் தோண்ட உடைந்த ஓடு வந்தது, இரண்டு கரண்டி வந்தது, உன் பொம்மைக் காரின் பாதி வந்தது, மண்தான் வரவில்லை. கடைசியில் நர்சரிக்காரரிடமிருந்து மூட்டையில் மண் வாங்கி வந்து மண்ணின்மேல் கொட்டினோம். உலகத்தில் மண்ணை விலை கொடுத்து வாங்கி மண்ணில் போடுகிற உயர்ந்த குடும்பம் நம்முடையது.

அம்மா தோட்டம் போட்ட விதத்தைப் பார்த்தால் அவள் முப்பது வருடம் எங்கே வேலை செய்தாள் என்று வழிப்போக்கனும் சொல்லிவிடுவான். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நிற்கின்றன. முன்னால் இருக்கிற செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தால்தான் அடுத்ததற்கு. கடைசியில் நிற்கிற கத்தரி வாடித் தலை தொங்கினாலும், வரிசையில நிக்கச் சொல்லு, இடையில புகுந்தா கிடையாது என்பாள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தண்ணீர், வண்டி புறப்படுகிற மாதிரி. ஒரு நாள் மாலை அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா இடது கையில் குடை, வலது கையில் வாளி, ஒவ்வொரு செடியாக ஊற்றிக்கொண்டு போகிறாள். அம்மா, மழையே ஊத்துதே என்றேன். அது ஊத்தறது அது கணக்கு, இது நம்ம கணக்கு என்றாள். கொத்தமல்லி அந்த வாரமே அழுகிப்போனது. விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும் என்று தெரியாமல் முழுசாகப் போட்டு, பத்து நாள் குனிந்து பார்த்து, ஒன்றிரண்டு எட்டிப் பார்த்த நேரத்தில் இப்படி. வண்டி ரத்து என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் கீரை விதைத்தாள். 

களை கதையைக் கேள். தக்காளிக்குப் பக்கத்தில் ஒன்று தானாக முளைத்தது. எல்லாச் செடியையும்விட அதுதான் நன்றாக வளர்ந்தது, அதைப் பார்த்து நீங்களும் இருக்கீங்களே என்று மற்ற செடிகளைத் திட்டுவாள், என்னை அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுத் திட்டுகிற அதே குரல். குச்சி ஊன்றிக் கட்டினாள், உரம் வைத்தாள், காற்றடித்தால் அதைத்தான் முதலில் ஓடிப் போய்ப் பார்ப்பாள். நர்சரிக்காரர் ஒரு நாள் மூட்டை போட வந்தபோது பெருமையாகக் காட்டினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அக்கா, இதைப் பிடுங்கத்தான் நாங்க ஆள் வெச்சிருக்கோம் என்றார். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தெரியும், அழகுக்கு வெச்சேன் என்றாள். அது இன்னும் நிற்கிறது, குச்சியோடு. இந்த நர்சரிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரிடம் இல்லாத மருந்து இல்லை. இலை சுருண்டால் ஒரு பாட்டில், சுருளாவிட்டால் சுருளாமல் இருக்க ஒரு பாட்டில். மிளகாயில் ஒரே ஒரு இலை மஞ்சளானதற்கு அம்மா அந்தச் செடியை வேரோடு தோண்டித் தொட்டியில் வைத்து, அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் அவரிடம் காட்டினாள். நேரமே பாத்துட்டா சரியாயிடும், வெச்சுக்கிட்டே இருக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் வேறு. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

தோட்டத்தில் அம்மா வெறுங்காலோடுதான் நிற்பாள். செருப்புப் போட்டு மிதித்தால் மண் இறுகிவிடும், வேருக்கு மூச்சு முட்டும் என்று போன் வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை வந்த வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கினோமே மெத்தைச் செருப்பு, கால் மரத்துப்போகிறவர்கள் வீட்டுக்குள்ளும் கழற்றவே கூடாது என்றாரே, அது அலமாரியின் மேல் பையில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் மண்ணாயிடுமாம். கால் மண்ணானால் கழுவிக்கொள்ளலாம், செருப்பு மண்ணானால் என்ன செய்வது. தக்காளிக்குக் குச்சி கட்ட, பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கட்டுக்கம்பி கேட்டு வாங்கி வந்தாள், துண்டு துண்டாக வெட்டிக் கட்டினாள், வெட்டின நுனிகளெல்லாம் எங்கே விழுந்தன என்று அவளும் பார்க்கவில்லை நானும் பார்க்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தரை துடைத்தேன். அடுப்படியிலிருந்து கூடம்வரை ஒரே ஒரு காலின் தடம், சிவப்பாக. செம்மண் என்றுதான் நினைத்தேன், மண்ணை அப்பிக்கொண்டு நடக்காதே என்று சத்தம்கூடப் போட்டேன். துணியைப் பிழிந்த தண்ணீரைப் பார்த்ததும்தான் என் கை நின்றது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து நர்சரிக்காரரோடு போனில் கத்தரிப் புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். காலைத் தூக்கிப் பார்த்தேன், பெருவிரலுக்குக் கீழே குத்திக் கிழித்திருக்கிறது. எப்பம்மா குத்துச்சு என்றால், எது என்கிறாள்.

அவளுக்கு வலிக்கவே இல்லை அண்ணா. வலிக்கலடி, சும்மா அலட்டாத, வலிச்சா சொல்ல மாட்டேனா என்று சிரிக்கிறாள். நான் முள் குத்தினால் ஊரைக் கூட்டுகிறவள், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காலைக் கழுவித் துணி கட்டினேன். அன்றைக்கே சத்தியம் வாங்கிவிட்டாள். அவனுக்குத் தெரிஞ்சா லீவு போட்டுட்டு ஓடி வருவான், இப்பத்தான் வேலையில நிரந்தரம் ஆகப்போகுது, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வண்டி ஓட்டுறப்ப இதையே நெனப்பாரு, ரோட்டுல போற மனுஷன் என்றாள். எல்லோரையும் பற்றி யோசித்தாள், காலைத் தவிர. டாக்டர்கிட்ட மட்டும் போவோம் என்றதற்கு அவள் சொன்ன ஒரே பதில், மூணாம் கவுண்டர் அக்காவைத் தெரியுமில்ல. தெரியும். அந்த அக்கா கால் விரலில் ஒரு கொப்புளம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் விரல் இல்லாமல் திரும்பி வந்தார். போகாம இருந்திருந்தா விரல் இருந்திருக்கும் என்பது அம்மாவின் முடிவு. அந்த அக்கா எத்தனை மாதம் அதைக் காட்டாமல் மறைத்தார் என்று நான் கேட்டேன், பெரியவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்ற பதில் கிடைத்தது.

ஆனால் வைத்தியமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தாடிக்காரரின் தயவில் அம்மா கவாத்துச் செய்யக் கற்றுக்கொண்டாள், அதாவது செடியை வெட்டிவிட்டால் நன்றாகக் கிளைக்கும் என்பது. அதிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுகிறாள், வாசல் ரோஜாகூட இப்போது தரையில் ஊன்றிய பென்சில் மாதிரி நிற்கிறது. வெட்டின நுனி அழுகாமல் இருக்கப் பூச வேண்டும் என்று நர்சரிக்காரர் ஒரு பசை கொடுத்திருக்கிறார், நீல நிறம், மூடியைத் திறந்தால் துருப்பிடித்த பைப் நாற்றம். போன வாரம் அம்மா தூங்கும்போது போர்வை விலகியிருந்தது, பார்க்கிறேன், பாதம் நீலம். எழுப்பிக் கேட்டேன். கிளையில வெட்டின எடம் ஆறுதே, காலுக்கு ஆறாதா, அதுவும் உசுருதான இதுவும் உசுருதான என்கிறாள். ஒரு தாவரத்துக்குப் பிறந்தவளாக என்னை நான் உணர்ந்தது அன்றைக்குத்தான். மிளகாய்க்கு ஆட்டோ, நிபுணர், நேரத்தோடு வைத்தியம். தனக்கு, மிளகாய்க்கு வாங்கியதில் மிச்சம். இப்போது புண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, அது கறுப்பா நீலமா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தொட்டால் அனலாக இருக்கிறது, அவளோ அந்தக் காலாலேயே மண்வெட்டியை மிதிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. கிண்டலாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கிண்டலாக எழுதாவிட்டால் இந்த வாளிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன், அழுகைச் சத்தம் கூடம்வரை கேட்கும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயாகவே ஏதோ கனவு கண்ட மாதிரி, அம்மா, காலெல்லாம் எப்படி இருக்கு என்று கேள். அவள் மழுப்பினால் கோபப்படு, நீ கோபப்பட்டால் அவளுக்குப் பெருமையாக இருக்கும், நான் கோபப்பட்டால் திமிர். இப்படி எழுதும்போதே ஒன்று உறைக்கிறது, இந்தக் கடிதம் தபாலில் போய், அங்கிருந்து கம்பெனி வண்டி ஏறி, மலை ஏறி உன் கைக்கு வருவதற்குள் எந்த ஞாயிற்றுக்கிழமை வரும். அதுவரை அந்தக் கால் காத்திருக்குமா. கதவைத் தட்டுகிற சத்தம். அம்மாதான். இவ்வளவு நேரமா உள்ள என்ன பண்ற, வயிறு சரியில்லையா என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ரொம்ப வலிக்குதா என்கிறாள், குரலே மாறிவிட்டது, காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம் என்கிறாள். பேனாவை மூடுகிறேன்.

மேலே விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், இது நான்கு நாள் கழித்து, பட்டப்பகலில், கூடத்தில் உட்கார்ந்து, யாருக்கும் ஒளிக்காமல். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். அன்று இரவு நான் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன், படுத்தபிறகுதான் இதையே பிடித்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. காலை விடிந்ததும் முனக ஆரம்பித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊத்திட்டுப் போகலாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முதல் தடவையாக வண்டி நேரத்துக்குப் புறப்படவில்லை. பேருந்து நிறுத்தம்வரை நடக்கலாம், காற்றோட்டமா இருக்கும் என்றாள், நான் வாசலிலேயே உட்கார்ந்து ஒரு அடிகூட வைக்க முடியாது என்று கதறினேன், அவளை நடக்கவிடக் கூடாதே. தெருமுனைக்கு ஆட்டோ பிடிக்க அவளே ஓடினாள். ஓடாதம்மா என்று கத்தினேன், வயிற்று வலிக்காரி எதற்கு அப்படிக் கத்துகிறாள் என்று எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் காலோடு எனக்காக அவ்வளவு வேகமாக ஓடுகிறாள், நான் பொய் சொல்லிக்கொண்டு திண்டாடுகிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து அமுக்கிப் பார்த்தார். இங்க வலிக்குதா என்றார், இல்லை என்றேன். இங்க என்றார், இல்லை. அம்மா நடுவில் புகுந்து, விடிஞ்சதுலேருந்து துடிச்சா டாக்டர், எல்லா எடமும் வலிக்குதுன்னா, இப்பப் பாருங்க கல்லுப்பிள்ளையார் மாதிரி படுத்திருக்கா என்றாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு வலிக்கல டாக்டர், இவங்களுக்கும் வலிக்கல, அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன், இவங்க வலது காலைப் பாருங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் டாக்டரம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் போதாது. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை மறைப்போமே அதுபோல. ஒண்ணுமில்ல டாக்டர், நேத்து லேசா கீறிடுச்சு என்றாள். மூணு வாரம் என்றேன் நான். நீ வாய மூடு என்றாள் அம்மா. ரெண்டு பேரும் மூடுங்க என்றார் டாக்டரம்மா. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு இது என்ன நீலம் என்று கேட்டார். அம்மா கூரையைப் பார்த்தாள். செடிக்குப் போடறது என்று நான்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, செடி எப்படி இருக்கு என்றார். அது நல்லா இருக்கு என்று அம்மா உடனே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பரிசோதனை. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார், தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அம்மா கண்ணை மூடியதும் ஆமா என்றாள். கொஞ்சம் பொறுத்து ஆமா என்றாள். நான் இன்னும் தொடவே இல்லையேம்மா என்றார் டாக்டரம்மா. அண்ணா, நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று பார்க்கிறாள். இழை விரல்களிலும் முன்பாதத்திலும் பட்டது, அவள் சும்மா இருந்தாள், பட்டது, சும்மா இருந்தாள். குதிகாலில் பட்டபோது மெதுவாக ஆமா என்றாள், அது நிஜம். கண்ணைத் திறந்ததும், வெட்டிடுவீங்களா என்று கேட்டாள், முப்பது வருடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஊரையே அதட்டின குரல் அது, தரையில் கிடந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்ததில் உள்ளே ஒரு கம்பித் துண்டு, நகக்கண் அளவு, எலும்பைத் தொடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எனக்கு வேற வழி இருந்திருக்காது, இப்ப கம்பியை மட்டும் எடுக்கிறேன், சுத்தமா வெச்சுக்கிட்டு காலை ஊனாம இருந்தா விரல் தப்பிச்சிடும்னு நெனைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்றுதான் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை, நானும் உன்னிடம் கூட்டிச் சொல்லவில்லை. கம்பியை அன்றைக்கே எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டார், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போய்க் காட்ட வேண்டும், சர்க்கரையும் ஏறித்தான் இருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்ததும் அம்மா, நல்லா நடிக்கற, படிப்பு வரலன்னா இதுல போயிடு என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பின்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, முன்னால் முக்காலி போட்டு அதில் கால், மடியில் போன், அங்கிருந்தபடி தோட்டத்தை ஆள்கிறாள். தோட்டக்காரி நான். எனக்குச் செடி என்றாலே சந்தையில் கட்டாகப் பார்த்த பழக்கம்தான், கீரையைக் களை என்று நினைத்து ஒரு பிடி பிடுங்கிவிட்டேன், களையை விட்டுட்டு கீரையைப் புடுங்கற, உனக்குக் கண்ணு எதுக்கு என்கிறாள். நான் குச்சியோடு நிற்கிற அந்த அழகுச் செடியை ஒரு பார்வை பார்த்தேன், அவளும் பார்த்தாள், பேச்சு அதோடு முடிந்தது. மண்ணைச் சலித்துக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது, இன்னும் வருகிறது. ஷூ போட்டுக்கொண்டுதான் இறங்குகிறேன், வேருக்கு மூச்சு முட்டினால் முட்டட்டும், தாடிக்காரர் என்மீது வழக்குப் போடட்டும். அப்பாவிடம் நேற்று அம்மாவே போனில் சொல்லிவிட்டாள், நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன், கிள்ளலாமா என்று யோசித்தேன். அப்பா நீ எதிர்பார்க்கிற மாதிரி சத்தம் போடவில்லை, லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, வண்டியை ஓரங்கட்டிட்டுக் கூப்பிடறேன் என்றார். கூப்பிட்டார்.

புண்ணைத் தினமும் சுத்தம் செய்து கட்ட வேண்டும், வீட்டில் யார் செய்வார்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது அம்மா யோசிக்காமல் என்னைக் கைகாட்டினாள். எனக்குத் தவளையை அறுக்கிற படத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் கைகாட்டினாள். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் செய்கிறேன். மருந்துத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஓரம் கறுக்கிறதா என்று டாக்டரம்மா சொன்னபடி பார்க்க வேண்டும். முதல் நாள் துணி இரண்டு தடவை கீழே விழுந்தது, புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அம்மா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்டிப்பாக ஏதாவது சொல்வாள், இதுகூடத் தெரியல என்பாள் என்று காத்திருந்தேன். பயமா இருக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும் என்றாள். அதுவரை அவள் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் தோட்டத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என்னோடு சேர்ந்து காலைப் பார்த்தாள், கறுக்கல இல்ல என்று கேட்டாள், இன்னைக்குக் கறுக்கல என்றேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகள். லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்தால் அம்மாவுக்கு ஒரு வருத்தம் எனக்கு மூன்று பேருக்குச் சமையல், தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன், போன் இப்போது முறை வைத்து என் இடுப்பிலும் இருக்கிறது. ஊருக்குச் செடி வைக்கச் சொல்கிறவன் உன் அறையில் ஒன்றை வைத்துக் காப்பாற்றிக் காட்டு. அங்கே சுரங்கத்தில் காலில் என்ன குத்தினாலும், வலிக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே யாரிடமாவது காட்டு, நம் குடும்பத்தில் மறைப்பது இரத்தத்திலேயே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. சின்னவள் பெரியவனை ஆசீர்வதிக்கலாமா என்று தெரியவில்லை, அப்பா வழியில் இருக்கிறார், அம்மா முக்காலியை விட்டு எழுந்தால் நான் விடமாட்டேன், ஆகையால் இருவர் சார்பிலும் நீ நோயில்லாமல், பத்து விரலோடு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் செய்கிறேன், தலையைக் கொஞ்சம் குனிந்துகொள். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடும்போது தோட்டத்தைப் பற்றி முதலில் கேட்காதே, அதில் இறங்கினால் அம்மா கரையேற மாட்டாள், முதலில் காலைப் பற்றிக் கேள், அவள் பதில் சொன்னதும் அதே கேள்வியை என்னிடமும் கேள். இரண்டும் ஒரே பதிலாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
உன் தங்கை, பொறுப்பு அம்மா, பொறுப்பு அப்பா, கட்டாயத் தோட்டக்காரி